செட்டிநாட்டுச் சமையலில் எடையும் குறைய வேண்டும், யார் வயிறும் கெடக்கூடாது: ஒரே அடுப்படியில் முடியுமா?

முத்துப்பட்டணம் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்காரருக்கு இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ., சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். மகனுக்குப் பால் ஆகாது. ஒரு டம்ளர் குடித்தால் வயிறு உப்பி வலிக்கிறது. நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறார். வெங்காயம், பூண்டு சேர்ந்தால் அவருக்கு அன்று முழுவதும் வயிற்றுப் பிடிப்பு. ஐபிஎஸ் (IBS, குடல் எளிதில் எரிச்சலாகும் கோளாறு) என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, மெலிந்த உடம்பு. அவர்கள் சாப்பாடு குறையவே கூடாது.

ஆளுக்கொரு சட்டி வைக்க என்னால் முடியாது. ஒரே சமையலில் எல்லோருக்கும் ஒத்துவர வேண்டும். தேடிப் பார்த்தால் ஓட்ஸ், கினோவா, ப்ரோக்கோலி என்றுதான் வருகிறது. காரைக்குடிச் சந்தையில் கிடைக்கிற காய்கறியையும் எங்கள் வீட்டு மசாலாவையும் வைத்து ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் சேர்த்து மாதம் 5 லிட்டர் வாங்குகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

உணவியல் தேவகோட்டை எழுதியது:

எண்ணெய் அளவைச் சொன்னது மிகவும் நல்லதாயிற்று, அங்கிருந்தே தொடங்கலாம்.

5 லிட்டரை ஐந்து பேருக்கும் 30 நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி. கொழுப்பு 1 கிராமுக்கு 9 கலோரி என்பதால், எண்ணெயிலிருந்து மட்டும் தினம் 270 கலோரிக்கு மேல் போகிறது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் இது சரிபாதியாகிவிடும். வேறு எதையும் தொடாமலே தினம் சுமார் 135 கலோரி மிச்சம். அதனால் எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றுவதை விடுங்கள். வாரத்துக்கு 600 மில்லி அளந்து தனிப் புட்டியில் வையுங்கள், அந்த வாரம் அதற்குள் முடிய வேண்டும். பொரித்தாலும் தாளித்தாலும் கணக்கு அந்தப் புட்டியில்தான்.

இடுப்பளவு பற்றி ஒரு வார்த்தை. இந்தியர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறோம். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை) கணக்கும் நமக்கு 23-லேயே தொடங்குகிறது, 25 வரை காத்திருக்கத் தேவையில்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பால் நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதுதான் காரணம். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும். வேகமாகக் குறைக்க ஆசைப்பட்டால் தசையும் சேர்ந்து கரையும்.

மிக முக்கியமான ஒன்று: உங்கள் வீட்டில் நான்கு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் குழப்பாதீர்கள். மகனுக்கு ஆகாததை வீட்டுக்காரர் விட்டால் எடை குறையாது. நாத்தனாருக்காகப் பூண்டை எல்லோரும் விட வேண்டியதில்லை. மாமியாருக்குச் சோற்றைக் குறைத்தால் உள்ள உடம்பும் போய்விடும். அவர்களுக்குக் கூடுதலாகப் பருப்பு, முட்டை, மீன் கொடுங்கள். சட்டி ஒன்றாக இருக்கட்டும், கரண்டியும் கடைசித் தாளிப்பும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும்.

---

பள்ளத்தூர் நடைப்பயணி எழுதியது:

வீட்டுக்காரருக்குக் கவுனி அரிசிக்கு மாறச் சொல்லுங்கள். நம் முன்னோர் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது. சர்க்கரையும் ஏறாது, எடையும் தானாக இறங்கும். நான் காலை நடை முடிந்து வந்ததும் அதுதான் சாப்பிடுகிறேன்.

---

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

முத்துப்பட்டணம் மகளே, உன் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே எண்ணெய் மிதக்கும் கோழி, முந்திரி அரைத்த குருமா, பொரித்த பலகாரம் என்று ஊரெல்லாம் நினைக்கிறார்கள். அது கல்யாண வீட்டுப் பந்தியும் ஓட்டல் பலகையும் காட்டிய சாப்பாடு. எங்கள் அப்பத்தா காலத்தில் வளவு வீட்டில் நாள்தோறும் சமைத்தது வேறு. கத்தரிக்காய் கோசமல்லி, வெண்டைக்காய் மண்டி, கீரை மண்டி, அவரைக்காய் துவட்டல், பாசிப்பருப்புக் கூட்டு, மிளகு ரசம், மோர். வெள்ளைப்பணியாரமும் கந்தரப்பமும் விசேஷ நாளில்தான் சட்டியேறும். அவற்றை வாரா வாரம் செய்ய ஆரம்பித்தபிறகுதான் எல்லோருக்கும் இடுப்பு பெருத்தது. இது என் உறுதியான எண்ணம்.

கோசமல்லியை எடுத்துக்கொள். கத்தரிக்காயை வேகவைத்துத் தோலுரித்து மசித்து, கொஞ்சம் புளித்தண்ணீரில் கரைத்து, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுந்து, மிளகாய் தாளித்தால் ஐந்து பேருக்கு இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் ஆகிவிடும். தேங்காய்ச் சட்னி கேட்காது. மண்டிக்கு அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர்தான் ஆதாரம். கொழகொழப்பை அந்தக் கழுநீரே கொடுத்துவிடும், தேங்காய் அரைத்து ஊற்ற வேண்டியதில்லை. வெண்டைக்காயை எண்ணெயில் நீந்தவிடாமல், இருப்புச்சட்டியில் ஒரு ஸ்பூன் விட்டு நிதானமான தீயில் வதக்கினால் பிசுபிசுப்பு போய்விடும். அவசரப்படுகிறவர்களுக்குத்தான் எண்ணெய் நிறைய வேண்டும்.

இன்னொன்று. நம் வீட்டில் சோறு நாலு தரம் விழுகிறது: பருப்புக்கும் நெய்க்கும் ஒரு தரம், குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு. ஒவ்வொன்றும் கொஞ்சம்தானே என்று தோன்றும், சேர்த்துப் பார்த்தால் பெரிய கவளம். உன் வீட்டுக்காரருக்கு இரண்டு தரம் போதும். ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடிக்கக் கொடு. ருசி ஒன்றும் குறையாது, சோறு பாதியாகும். இலையில் முதலில் சோற்றை வைக்காதே. வெஞ்சனத்தை முதலில் நிறைய வை, பிறகு சோறு வை.

உப்புக்கறிக்கும் இதே மாதிரிதான். ஆட்டுக்கறியில் கொழுப்பு இருக்கிறதே, பிறகு எதற்குக் குழிக்கரண்டி எண்ணெய்? கறியையும் உப்பையும் கொஞ்சம் தண்ணீரையும் மண்சட்டியில் மூடி வேகவைத்துவிட்டு, தண்ணீர் வற்றும்போது அது விடுகிற கொழுப்பிலேயே வரமிளகாயையும் உரித்த வெங்காயத்தையும் பிரட்டு. கடைசியில் மணத்துக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் போதும்.

---

உணவியல் தேவகோட்டை எழுதியது:

ஆச்சி, நாலு தரச் சோறு பற்றி நீங்கள் சொன்னதை இனி என்னிடம் வருபவர்களிடமும் சொல்லப்போகிறேன்.

//கவுனி அரிசி... சர்க்கரையும் ஏறாது, எடையும் தானாக இறங்கும்//

பள்ளத்தூர் அண்ணே, இதை அப்படியே விட்டுவிட முடியாது. கவுனி நல்ல அரிசிதான். தவிடு நீக்காததால் நார்ச்சத்து இருக்கிறது, அந்தக் கருநிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது, மென்று சாப்பிட நேரமாகும், பசி தாங்கும். ஆனால் சமைக்காத கவுனி 100 கிராமில் கலோரி மற்ற அரிசிகளைப் போல 350-ஐ ஒட்டித்தான் இருக்கும். சர்க்கரையும் ஏறத்தான் செய்யும், வேகம்தான் குறைவு. நம் ஊரில் அதைச் செய்வதே சர்க்கரை, நெய், தேங்காய்த்துருவல் போட்ட இனிப்பாகத்தான். அதைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டுவிட்டு எடை குறையும் என்று இருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரவே ஊறவைத்துக் கஞ்சியாக வைத்து மோர் ஊற்றிக் குடியுங்கள். அல்லது இடியாப்ப மாவில் பாதி கவுனி கலந்து பயறோடு சாப்பிடுங்கள். கருப்பட்டிக்கும் இதே பதில்தான்: வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

முத்துப்பட்டணம் அக்கா, வீட்டுக்காரர் சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறாரா? சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

---

பள்ளத்தூர் நடைப்பயணி எழுதியது:

சரி, ஏற்றுக்கொள்கிறேன். நான் கஞ்சியாகத்தான் குடிக்கிறேன், இனிப்பாக இல்லை. நடையும் சேர்ந்துதான் எனக்குப் பலன் தந்திருக்கும்.

---

சிங்கை மகள் எழுதியது:

சொந்த ஊர் கோட்டையூர். எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள குளூட்டன் என் சிறுகுடலைச் சேதப்படுத்தும். இந்த உரையாடலில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

நம் சமையல் அரிசி, உளுந்து, தேங்காயை நம்பி நிற்பதால் எனக்குப் பெரும்பாலும் சிரமமே இல்லை. இடியாப்பம், ஆப்பம், குழிப்பணியாரம், கும்மாயம், பால்பணியாரம் எல்லாம் சாப்பிடலாம். வெளியே தெரியும் கோதுமை ரங்கூன் புட்டின் ரவையும் பரோட்டாவும் சேமியாவும்தான். அவற்றைத் தவிர்ப்பது எளிது.

மறைந்திருக்கும் கோதுமைதான் ஆபத்து. தூள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். அடுத்தது மாவு மில். முன்னால் கோதுமை அரைத்த மெஷினில் நம் அரிசியைப் போட்டால் கோதுமை மாவும் கலந்து வரும். வீட்டில் சப்பாத்தி போட்ட கல்லிலேயே தோசை ஊற்றுவதும், ஒரே சல்லடையில் இரண்டு மாவையும் சலிப்பதும் எனக்கு ஆகாது. எனக்கென்று தனிக் கல், தனிச் சல்லடை.

கோதுமை ஆகவில்லை என்று சந்தேகம் இருந்தால் அதை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறுத்தியபிறகு சோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். எடை குறையும் என்ற நம்பிக்கையில் காரணமில்லாமல் கோதுமையை விடுகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் அந்த இடத்தில் சோற்றைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

---

மாவுமில் புதுவயல் எழுதியது:

அந்தத் தங்கை சொல்வது உண்மை. மில்லில் அரிசி மெஷின் தனி, கோதுமை மெஷின் தனி, மிளகாய் மெஷின் தனி என்று இருந்தாலும் கூட்டம் அதிகமானால் மாற்றிப் போடுவது நடக்கும். குளூட்டன் ஆகாதவர்கள் அரிசியை ஊறவைத்து உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே நல்லது.

---

முத்துப்பட்டணம் மருமகள் எழுதியது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரர் மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, உணவாலேயே சரிசெய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

இப்போது இரண்டு கேள்வி. நாத்தனாருக்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் செட்டிநாட்டுக் குழம்பு எப்படி வைப்பது? பூண்டு மணம் இல்லாவிட்டால் மற்றவர்கள் தொட மாட்டார்கள். மகனுக்குப் பால் ஆகாதென்றால் நெய்யும் தயிருமா ஆகாது? பிள்ளையார் நோன்புக்கு இழை மாவை (நூல் திரி வைத்து ஏற்றி விழுங்கும் மாவுருண்டை) நெய் விட்டுத்தான் பிசைகிறோம். அவன் இழை எடுத்துக்கொள்ளலாமா?

---

உணவியல் தேவகோட்டை எழுதியது:

இழையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவனுக்குக் குறைவு என்றால், நெய்யில் அந்தச் சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். நன்றாகப் புளித்த தயிரில் கிருமிகள் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் பெரும்பாலோருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளும். கொஞ்சமாகச் சோற்றோடு கொடுத்துப் பாருங்கள். ஆனால் இது பால் ஒவ்வாமை இல்லையென்று முதலில் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வாமை என்பது பாலின் புரதத்துக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி சண்டைக்கு வருவது. தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வரும். அது இருந்தால் தயிர், மோர், நெய் எதுவும் கூடாது. இழை மாவைத் தேங்காய் எண்ணெயில் பிசைய வேண்டியதுதான்.

பால்பணியாரத்துக்கு மாட்டுப்பால் இல்லாமல் தேங்காய்ப்பால் மட்டும் ஊற்றுங்கள். அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம் இல்லை என்பதால் கேழ்வரகைக் கூட்டுங்கள், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும், எள்ளுத் துவையலும், முருங்கைக்கீரையும் வாரத்தில் மாறி மாறி வரட்டும்.

இனி நாத்தனார் விஷயம், இதில்தான் சமையல் நுட்பம் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் அவரைப் படுத்துவது ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருள். அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்து வாயுவாகிறது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே நல்லெண்ணெயில் பூண்டுப் பற்களை முழுசாகப் போட்டுப் பொன்னிறமானதும் ஒரு துண்டுகூட விடாமல் எடுத்துவிடுங்கள். பூண்டு மணம் எண்ணெயில் நிற்கும், தொல்லை பூண்டோடு போய்விடும். தண்ணீரோ புளிக்கரைசலோ சட்டியில் விழுவதற்கு முன் எடுப்பது கட்டாயம். எடுத்த பூண்டை நசுக்கி மற்றவர்கள் தட்டில் குழம்போடு சேர்த்துக்கொள்ளட்டும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடலாம். மிளகு, சீரகம், கல்பாசி, கறிவேப்பிலை எல்லாம் அவருக்கு ஆகும். மற்றவர்களுக்கான வெங்காயத்தைத் தனியாக வதக்கி, அவர் பங்கை எடுத்தபின் குழம்பில் கொட்டுங்கள். அடுப்பில் பத்து நிமிட வேலை கூடும், இரண்டு குழம்பு வைக்க வேண்டாம்.

இப்படிக் குடலில் புளிக்கும் உணவுகளை விலக்கிப் பார்க்கும் முறையை (லோ ஃபாட்மேப், low FODMAP) வகுத்தது மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம். விலக்கி வைப்பது 2 முதல் 6 வாரம்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் விலக்கினால் குடலின் நல்ல கிருமிகளுக்கே உணவில்லாமல் போகும். ரத்தப்போக்கு, சோகை, காரணமில்லாத மெலிவு இருந்தால் இதையெல்லாம் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

ஆத்தங்குடி எழுதியது:

ஏர் ஃப்ரையரில் வெள்ளைப்பணியாரம் வருகிறது என்று வீடியோ பார்த்தேன். எண்ணெயே வேண்டாமாம். யாராவது செய்திருக்கிறீர்களா?

---

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

தம்பி, வெள்ளைப்பணியாரம் எண்ணெயில் விழுந்ததும் விளிம்பு முறுகி நடு உப்பி எழ வேண்டும். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த தளர்ந்த மாவு அது. காற்றில் வைத்தால் தட்டில் பரவிக் காய்ந்துபோகும். அதற்கு வெள்ளைப்பணியாரம் என்று பேர் வைக்க எனக்கு மனசு வராது. விசேஷத்துக்கு ஒழுங்காகப் பொரித்து, எண்ணெய் வடித்து, இரண்டு சாப்பிடு. மற்ற நாளில் இட்லி சாப்பிடு.

ஆனால் கோலா உருண்டை, மசாலா சீயம், வாழைப்பூ வடை ஆகியவற்றைக் குழிப்பணியாரச் சட்டியில் தாராளமாகச் செய்யலாம். குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு, மூடி, திருப்பிப் போட்டு எடு. பொரித்த முறுகல் முழுசாக வராது, உள்ளே மெத்தென்று இருக்கும். எனக்கு அதுவே பிடிக்கிறது.

---

குன்றக்குடி அப்பா எழுதியது:

ஒரு வேண்டுகோள். என் மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை, மூச்சுத்திணறல் வரை போகும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலைப் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது அநேகமாக இருக்காது. செக்கெண்ணெய் இயற்கையானதுதானே என்று உறவினர் வீட்டில் அதில் சமைத்துவிடுகிறார்கள். எங்கள் மருத்துவர் இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நல்லெண்ணெயும் அப்படியே. விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் பிள்ளைகளுக்கு எது ஆகாது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கொஞ்சம் சாப்பிட்டால் பழகிவிடும் என்று தயவுசெய்து ஊட்டிவிடாதீர்கள்.

---

உணவியல் தேவகோட்டை எழுதியது:

இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். குருமாவில் அரைக்கும் முந்திரிக்கும் இதே எச்சரிக்கை. முந்திரிக்குப் பதில் பொட்டுக்கடலையும் சோம்பும் அரைத்தால் கெட்டித்தன்மை வந்துவிடும், கொழுப்பும் குறையும். ஆனால் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பருப்பு வகைகளும் ஒத்துக்கொள்ளாது. கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

---

முத்துப்பட்டணம் மருமகள் எழுதியது:

நாளையிலிருந்து இப்படிச் செய்யப்போகிறேன். காலையில் பாதி கவுனி கலந்த இடியாப்பமும் கோசமல்லியும், மாமியாருக்கு மட்டும் கூட ஒரு முட்டை. மதியம் பூண்டெண்ணெயில் தாளித்த புளிக்குழம்பு, அவரைக்காய் துவட்டல், கீரை மண்டி, ரசம். கீரை மண்டிக்கு வழக்கமாக ஊற்றும் தேங்காய்ப்பாலை மாமியாருக்கும் மகனுக்கும் கிண்ணத்தில் தனியாக ஊற்றிக்கொள்வேன். அப்பளத்துக்கும் மோர்மிளகாய்க்கும் வாரத்தில் ஒரு நாள். இரவு வீட்டுக்காரருக்குக் கோழி ரசமும் இரண்டு இட்லியும்.

ஞாயிற்றுக்கிழமை வாழைப்பூ கோலாவைக் குழிச்சட்டியில் செய்யலாம் என்று ஆசை. நாத்தனாருக்காக வெங்காயம் போடாமல் செய்தால் உருண்டை பிடிக்குமா ஆச்சி? முன்பு ஒருமுறை திருப்பும்போதே உதிர்ந்துவிட்டது.

---

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

பிடிக்கும். வாழைப்பூவை மோரில் போட்டு வைத்து, வேகவைத்து, ஒட்ட ஒட்டப் பிழிந்துகொள். ஈரம் நின்றால்தான் உதிரும். ஊறவைத்த துவரம்பருப்பின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சோம்பும் மிளகாயும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரை. அப்புறம் பூவையும் கறிவேப்பிலையையும் போட்டுப் பிசை. இளகலாக இருந்தால் பொட்டுக்கடலை மாவு ஒரு கரண்டி சேர். குழி நன்றாகச் சூடேறிய பிறகு வை, மூடிய தட்டை அடிக்கடி திறந்து பார்க்காதே, அடி சிவந்து தானாகக் கழன்றால் மட்டும் திருப்பு. நாத்தனாருக்குப் பருப்பும் வாயு கொடுக்கலாம், முதல் நாள் ஒன்றிரண்டோடு நிறுத்திப் பார்க்கச் சொல்.